அளவு ஜாக்கெட்

பசி போன பிறகுதான் ஒரு பகல் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு, ஃபிரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் பசி அடக்கும் பேனா ஊசியை எடுத்து வயிற்றில் போட்டுக்கொள்வேன். பத்து எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். அவ்வளவுதான். முதல் மாதம் குமட்டியது. இரண்டாம் மாதம் குமட்டல் நின்றது. பதினொரு மணிக்கு முறுக்கு டப்பாவைத் தேடிப் போகும் கை போகவில்லை. நாலு மணிக்குக் கீழேயிருந்து வடாபாவ் வண்டியின் எண்ணெய் வாசம் ஜன்னல் வழியே ஏறி வந்தது. வாசம் வந்தது, ஆசை வரவில்லை. இருபது வருஷமாக வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை யாரோ அணைத்துவிட்ட மாதிரி இருந்தது. அணைத்த பிறகு, அதுவரை அதற்குப் பின்னால் இருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கின.

எண்பத்தாறு கிலோ, சர்க்கரை, மடங்காத முழங்கால். இந்த மூன்றையும் சுமந்துகொண்டுதான் மாட்டுங்காவில் டாக்டர் வந்தனாவிடம் போனேன். இரண்டாம் முறை போனபோது அவர் கேட்டார்.

"சாப்பிடற நேரமெல்லாம் இப்போ காலியா இருக்குமே, மாலதி. அதுல எதையாவது வெக்கணும். இல்லேன்னா மனசு அதுவா எதையாவது கொண்டு வந்து வெச்சுடும். முன்னாடி கைவேலை ஏதாவது பண்ணிண்டிருந்தேளா?"

"தைப்பேன்."

"எப்போ?"

"கல்யாணத்துக்கு முன்னால."

"அப்போ மறுபடி ஆரம்பிங்கோ. கை சும்மா இருக்கப்படாது."

நான் தலையாட்டினேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. சர்க்கரைக்காக மட்டும் நான் அவரிடம் வரவில்லை. என் வீட்டுக்காரர் ஒருதடவை என்னை நேராகப் பார்க்க வேண்டும் என்பதற்காக வந்தேன். நாற்பத்தாறு வயதில் அதை ஒரு டாக்டரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

வீட்டுக்காரர் பெயர் சுடலைக்கண்ணன். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். முதலில் என் அக்கா பூமாரியைத்தான் கட்டினார். இரண்டு வருஷத்தில், இரண்டு நாள் வயிற்றுவலியில், அக்கா போய்விட்டாள். அடுத்த வருஷம் பெரியவர்கள் பேசி என்னை அவருக்குக் கொடுத்தார்கள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் அவரை அத்தான் என்று கூப்பிட்டு வந்தேன், அதையே இன்றுவரை கூப்பிடுகிறேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். பேசும்போது என் காதுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துப் பேசுவார். இருபத்து மூன்று வருஷத்தில் என் பெயரைச் சொன்னதில்லை. ஏளா என்பார். அக்காவின் பெயரையும் சொன்னதில்லை. அவள் படம்கூட எங்கள் வீட்டில் கிடையாது. அந்த மௌனத்துக்குள் உட்கார்ந்து நான் தின்றுகொண்டிருந்தேன் என்பது ஊசி போட்ட பிறகுதான் எனக்கே புரிந்தது.

எடை எழுபத்தைந்துக்கு வந்தபோது முழங்கால் மடங்கியது. சுவரோரமாக அரிசி மூட்டையைத் தாங்கிக்கொண்டு நின்ற கால் மிதி மெஷினை இழுத்துப் போட்டேன். அக்காவும் நானும் வடாலாவில் அம்மாவோடு இருந்த காலத்தில், ஒரே தையல் வகுப்புக்குப் போய், வீட்டில் இதே மெஷினில் தைக்கப் பழகியவர்கள். எண்ணெய் விட்டு, புது வார் மாட்டி மிதித்ததும் அது ஓடியது. ஒரு மணி நேரம் வெறும் துணியில் நேர்கோடு ஓட்டிக்கொண்டே இருந்தேன். கைக்கு எல்லாம் நினைவிருந்தது. அன்று நான் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக்கொள்ள ஆசை வந்தது. இப்போதைய உடம்புக்கு இல்லை, வரப்போகிற உடம்புக்கு. அதற்கு ஒரு அளவு ஜாக்கெட் வேண்டும்.

பாத்ரூமுக்கு மேலே இருக்கும் லாஃப்டில் ஒரு ட்ரங்குப் பெட்டி உண்டு. அதில் மேலாக அக்காவுக்கு வைத்த ஜாக்கெட்டுகள் அடுக்கியிருந்தன. தாலியோடு போனவளுக்கு வருஷம் ஒருமுறை சேலையும் தைத்த ஜாக்கெட்டும் வளையலும் வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். அடுத்த வருஷம் புதுசு வைக்கும்போது, பழையதை வீட்டுக்காரி உடுத்திக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் போனவள் மனம் குளிர்ந்து வீட்டைக் காப்பாள். சேலையை நான் உடுத்தினேன். ஜாக்கெட் என் கையில்கூட ஏறாது. மடித்துப் பெட்டியில் போட்டுவிடுவேன். அத்தான் எங்கேயோ தைத்து வாங்கி வருவார். சாமிக்கு வைப்பதுதானே, யார் அளவு என்றெல்லாம் நான் கேட்டதில்லை.

அந்த அடுக்குக்குக் கீழே, பெட்டியின் அடியில், பச்சை வாயில் துணியில் ஒரு பழைய ஜாக்கெட் இருந்தது. தையலைப் பார்த்ததும் வகுப்பில் தைத்தது என்று தெரிந்துவிட்டது. கொக்கிப் பட்டி பக்கம் மாறியிருந்தது. முதல் ஜாக்கெட்டில் இந்தத் தப்பை எல்லோரும் செய்வார்கள். அக்காவின் துணிமணிகள் பதினாறாம் நாளே வீட்டை விட்டுப் போய்விட்டன. அம்மா ஒரு நூல் விடாமல் மூட்டை கட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். ஆகவே அது என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். நான் இருபத்தியொரு வயதில் எப்படி இருந்தேன் என்று எனக்கே மறந்துபோயிருந்தது.

அதை மடித்துத் துணியின் மேல் வைத்து சாக்பீஸால் கோடு போட்டேன். இடது தோள் அரை இஞ்சு தாழ்ந்திருந்தது. நேராக்கலாமா என்று நினைத்தேன். வகுப்பில் டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. அளவு ஜாக்கெட்டைத் திருத்தக் கூடாது, அது ஒரு உடம்பைப் பார்த்து வந்தது, நீங்கள் அந்த உடம்பைப் பார்க்கவில்லை. தாழ்ந்ததைத் தாழ்ந்தபடியே வெட்டினேன். கொக்கியையும் இருந்த பக்கத்திலேயே வைத்தேன். கைமுனையில் சங்கிலித் தையலில் ஒரு கொடி போட்டேன். அது முடிய மூன்று வாரம் ஆனது. மூன்று வாரமும் நாலு மணி எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை.

அதன் பிறகு உடம்பு அந்த ஜாக்கெட்டை நோக்கி நடந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மாதம் ஒருமுறை போட்டுப் பார்ப்பேன். முதலில் கை ஏறியது. பிறகு முதுகு அடங்கியது. எழுபதுக்கு வந்தபோது கீழ்க் கொக்கி இரண்டும் மாட்டின.

பக்கத்து வீட்டு நூர் நிஷா ஒரு நாள் லிஃப்ட் முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டாள். காயல்பட்டினத்துக்காரி, வாய் ஓயாது.

"என்ன மைனி, பாதி ஆள எங்க வச்சிட்டு வந்திய?"

"ஊசி தின்னுட்டுது."

"எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்க. எங்க வீட்டு ஆளு அடையாளம் தெரியாம பத்து நாளு தேடி அலையட்டும். எனக்கும் டைம்பாஸ் ஆவும்."

சிரித்தோம். லிஃப்ட் வந்தது. அவள் ஏறவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மைனி, நீங்க எப்பவும் இப்படித்தான் நிப்பியளா?"

"எப்படி?"

"ஒரு பக்கமா சாஞ்சு. இடுப்புல கொடம் இருக்காப்ல."

என் இடுப்பில் எதுவும் இல்லை. நான் குடம் சுமந்ததும் இல்லை. நான் கல்யாணமாகி வந்த வருஷம் வீட்டுக்குள் குழாய் வந்துவிட்டது. அதற்கு முன்னால் தெருக்குழாய்தான். நேராக நின்றேன். நேராக நிற்பதற்கு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அறுபத்தாறில் எல்லாக் கொக்கியும் மாட்டின. ஒரு வியாழக்கிழமை மதியம் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அத்தான் சாப்பிட வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். என் முகத்தை நேராகப் பார்த்தார்.

இருபத்து மூன்று வருஷம் எதற்காகக் காத்திருந்தேனோ அது நடந்துகொண்டிருந்தது. வடிதட்டைக் கீழே வைத்தேன். அப்போது அவர் கேட்டார்.

"எப்ப வந்த?"

"எங்கன போனேன்? வீட்டுலதான இருக்கேன்."

அவர் கை கழுவினார். உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடியும்வரை என் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ரொம்ப நாள் கழித்து ஊரிலிருந்து வந்தவளை, மறுபடி போய்விடுவாளோ என்று பார்ப்பார்களே, அந்த மாதிரிப் பார்வை. தாளிப்புச் சட்டியில் எண்ணெய் ஆறும் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

அதிலிருந்து அவர் சீக்கிரம் வீட்டுக்கு வரத் தொடங்கினார். நான் தைக்கும்போது எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். மழைக்கு முன்னால் இருக்கும் புழுக்கத்தில் இரண்டு பேரும் ஒரு வார்த்தையும் இல்லாமல் ஒரு மணி நேரம் இருப்போம். ஒரு நாள் சீனிச்சேவு வாங்கி வந்தார். அந்த இனிப்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. ஊசி போட்ட பிறகு எந்தத் தின்பண்டத்தின் மேலும் நாட்டமில்லை. பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தைத்தேன். நிமிர்ந்தபோது பொட்டலம் காலி. என் விரல் நுனியில் சர்க்கரை ஒட்டியிருந்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

டாக்டர் வந்தனா எடைமெஷினைப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார்.

"அறுபத்தஞ்சு. நான் நெனச்சதுக்கு மேலேயே இறங்கிட்டேள். போறும். டோஸைக் கொறச்சு நிறுத்திடலாம். நிறுத்தினா கொஞ்சம் ஏறும், பயப்படாதீங்கோ. எல்லாருக்கும் ஏறும்."

எனக்கு ஏறவில்லை. கடைசி ஊசி போட்டு ஆறு வாரம் கழித்து அறுபத்து மூன்று இருந்தது. அதற்கடுத்த வாரமும் அறுபத்து மூன்று. அதற்கடுத்த வாரமும். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. "உங்க உடம்புக்கு எங்க நிக்கணும்னு தெரிஞ்சிருக்கு" என்று டாக்டர் சிரித்தார். நல்ல மனுஷி. அவர் அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார்.

ஆனி தொடக்கத்தில் கொக்கி தீர்ந்துபோனது. அதே அளவில் வாங்க வேண்டுமென்று பச்சை ஜாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு தொண்ணூறு அடி ரோட்டில் பஞ்சு டெய்லர் கடைக்குப் போனேன். நான் அந்தக் கடைக்குப் போவது அதுதான் முதல்தடவை. ஜாக்கெட்டை வெளியே எடுத்ததும் பஞ்சு மெஷினை நிறுத்தினார்.

"இது சுடலைக்கண்ணன் அண்ணாச்சி கொண்டாற அளவுல்லா? இந்த வருசம் என்ன, சீக்கிரமாவே குடுத்து விட்டுட்டாரு? ஆடிக்கு இன்னும் நாளு கெடக்கே மதினி."

"இது என் அளவு."

"அது சரி. யாரு இல்லன்னா? எங்கப்பா காலத்துல இருந்து வருசா வருசம் இத வச்சுதான தைக்கோம். இடக்கை ஆளு தைச்சது, பாருங்க, கொக்கிப் பட்டி எதிர்ப்பக்கம். தோளு வேற அரை இஞ்சு தாழ்வு. சரி பண்ணித் தாரேன்னு எத்தன மட்டம் சொல்லிப் பாத்துட்டேன். மூச்! ஏக்தம் அப்படியே தைக்கணும்பாரு. யாருக்குன்னு கேட்டா பேச மாட்டாரு." அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நானும் உங்களுக்குத்தான்னு நெனச்சிக்கிட்டேன். சரியாத்தான இருக்கு?"

அக்காவுக்கு இடக்கை. அதற்காக அம்மாவிடம் அடி வாங்குவாள். கத்திரியைக்கூட மாற்றிப் பிடிப்பாள். அது எனக்கு எப்படி மறந்தது என்று தெரியவில்லை. அவளைப் பற்றிப் பேசாத வீட்டில் இருந்து இருந்து, பேசாதது எல்லாம் அழிந்துபோயிருந்தது.

அன்று காலையில் நான் எந்தக் கையால் கொக்கி மாட்டினேன் என்று யோசித்தேன். இடது கையால். அதற்கு முந்தின நாளும் இடது கையால்தான்.

வீட்டுக்கு வந்து லாஃப்டில் ஏறிப் பெட்டியை இறக்கினேன். அடுக்கிலிருந்த ஜாக்கெட்டுகளைப் பாயில் பரப்பினேன். மஞ்சள், அரக்கு, நீலம், மாம்பழக் கலர். எல்லாவற்றிலும் கொக்கி எதிர்ப்பக்கம். எல்லாவற்றிலும் இடது தோள் தாழ்வு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. ஒரு சுருக்கம் கிடையாது. இருபத்து மூன்று வருஷமாக நான் உடுத்தாமல் திருப்பி வைத்தவை. கண்ணாடியில் நின்றவள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இவ்வளவு பாடுபட்டு இளைத்து, கடைசியில் அவளுக்காகவா?

அந்த மாதம் முழுக்க நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவர் பார்ப்பதை நிறுத்திவிடுவாரோ என்று இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆடியில் அக்காவுக்குத் துணி வைக்கும் நாள் வந்தது. மழை விடவில்லை. மதியம் பன்னிரண்டுக்கே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. பலகையில் புதுச் சேலையும் ஜாக்கெட்டும் வளையலும் வைத்து, முன்னால் பாய் விரித்து, பாய்க்கு எதிரே வாழை இலையில் சோறும் குழம்பும் பொரியலும் படைத்தோம். சாம்பிராணிப் புகை வெளியே போக வழியில்லாமல் சுற்றியது. அத்தான் போன வருஷத்துச் சேலையையும் ஜாக்கெட்டையும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"உடுத்திட்டு வா. இந்த வருசம் சரியா இருக்கும்."

உடுத்திக்கொண்டு வந்தேன். அவர் இலைக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

"அங்கன உக்காரு."

இலைக்கு அந்தப் பக்கம் யாரும் உட்காரக் கூடாது. சாப்பிட வருகிறவளுக்கான இடம் அது. நான் உட்கார்ந்தேன். அவர் இலைக்கு இந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

விளக்குத் திரி ஒருமுறை பொரிந்தது. பிறகு பேசத் தொடங்கினார்.

"ரெண்டு நாள் வலின்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். ரெண்டு நாள் இல்ல. ஏழு நாள். நீ மூணாம் நாளே சொன்ன, பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்னு. நான் சேட்டு ஆர்டர் அர்ஜெண்டுன்னேன். நாளைக்குன்னேன். மறுநாளு நீ தலை சீவி, சேலை மாத்தி, வாசல்ல உக்காந்திருந்த. நான் சாயங்காலம் வந்தேன். அப்பமும் அங்கனயே உக்காந்திருந்த. இந்நேரம் ஆஸ்பத்திரி பந்த் ஆயிருக்கும், நாளைக்குப் போவோம்னேன். நீ சரின்னு எந்திரிச்சு உள்ள போய் எனக்குத் தோசை ஊத்துன."

அவர் அழவில்லை. பட்டறையில் தோலை வெட்டும்போது இருக்கும் முகம்தான். கோட்டை விட்டுக் கத்தி விலகாத முகம்.

"ஒரு வார்த்தை ஏசாமப் போயிட்ட. நீ சொல்லு. கோவமா?"

என் வாய்க்குள் பதில் வந்துவிட்டது. போட்டும், விடுங்க. அவ்வளவுதான் அந்தப் பதில். யாரோ நாக்கில் வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. தோளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு அதைச் சொன்னால் போதும். அவர் மனசு ஆறும். இந்தப் பார்வை ஆயுசுக்கும் எனக்கு இருக்கும். நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். நான் மட்டும் இருக்க மாட்டேன்.

ஏழு நாள். தலை சீவி, சேலை மாற்றி. அவள் வாசலில் இருந்தபோது நான் வடாலாவில் இருந்தேன். ஒரு ரயில் தூரம். யாரும் என்னிடம் சொல்லவில்லை.

"அத்தான், நான் மாலதி."

"தெரியும்" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "நீ கொஞ்சம் தள்ளி உக்காரு."

பாயில் எனக்கு இடப்பக்கம் இடம் இருந்தது. ஒரு ஆள் உட்காரும் இடம். அவர் கண் அங்கே போய்விட்டு வந்தது. மின்விசிறி ஓடியும் சாம்பிராணிப் புகை அந்த இடத்துக்கு மேல் கலையாமல் நின்றது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"தள்ள மாட்டேன்" என்றேன். "அவ எனக்குக் கூடப்பொறந்தவ. ரெண்டு நாள்னு எங்கம்மைட்ட சொன்னிய. அம்மை அத நம்பித்தான் செத்துப்போனா. நானும் நம்பித்தான் ஒங்களுக்கு வாக்கப்பட்டேன். அவளுக்குச் சொல்லுததுக்கு முன்னால எனக்குச் சொல்லுங்க. என் மூஞ்சியப் பாத்து, மொதல்லேருந்து."

மழை ஜன்னல் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இலையில் சோற்றின் ஆவி அடங்கியது. அவர் என்னைப் பார்த்தார். இதுவரை பார்த்த பார்வை இல்லை இது. இதில் ஆசை இல்லை, பயம் இருந்தது. ஆனால் அது என்னைப் பார்த்து வந்த பயம். வேறு யாரையும் இல்லை.

"மாலதி" என்றார். அந்தப் பெயர் அவர் வாய்க்குப் பழக்கமில்லை, பாதியில் உடைந்தது. "உங்க அக்கா ஒரு திங்கக்கெழம காலையில, வயித்தப் பிடிச்சிக்கிட்டு..."

நான் அசையாமல் கேட்டேன். எனக்கு இடப்பக்கமும் யாரும் அசையவில்லை.